கம்பிமுடி நாய்க்கு மெஷின் போட்டால் முடி ஏன் பஞ்சாகிறது?

உங்களிடம் ஷ்னாசரோ, வயர் ஃபாக்ஸ் டெரியரோ, கம்பிமுடி டாக்ஸ்ஹண்டோ இருந்தால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். முதுகில், தோள்பட்டைக்குக் கொஞ்சம் பின்னால், மற்ற முடியைவிட நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரே ஒரு முடியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நுனியில் பிடித்து, அது படிந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். முற்றிய முடி என்றால் கையோடு வந்துவிடும், நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. வந்ததை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனி ஊசிபோல இருக்கும். அதற்குக் கீழே முடி தடித்து, நிறம் அடர்ந்து, விரலால் வளைத்தால் விறைத்துக்கொண்டு நிமிரும். அப்புறம் வேர்ப்பக்கம் போகப் போக மெலிந்து, வெளுத்து, கடைசியில் நூல் மாதிரி துவண்டு கிடக்கும். அடிமுனையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

கம்பிமுடி நாயை வீட்டில் பராமரிப்பதில் இருக்கிற முக்கால்வாசி அறிவியல் அந்த ஒரு முடியிலேயே இருக்கிறது. விறைப்பும் நிறமும் மேல்பாதியில். அடிப்பாதி வெறும் காம்பு. மெஷின் போடுகிறவர் எதை வெட்டி எறிகிறார், எதை விட்டுவைக்கிறார் என்று இப்போது யோசியுங்கள்.

எங்கள் ஷ்னாசருக்கு இரண்டு வயதில் ஒரு முறை உடம்பு முழுக்க மெஷின் போட்டுவிட்டார்கள். போகும்போது மிளகும் உப்பும் கலந்த நிறம், திரும்பி வந்தபோது ஒரே சாம்பல். மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. வந்தது மெத்தென்ற, மண்ணையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிற முடி. முன்பெல்லாம் புல்லில் புரண்டுவிட்டு வந்து ஒரு உதறு உதறினால் பாதி அழுக்கு போய்விடும், இப்போது ஒவ்வொரு தடவையும் சீப்பு எடுக்க வேண்டியிருந்தது. ஏன் இப்படி என்று தேடப்போய்த்தான் முடி எப்படி வளர்கிறது என்பதையே ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன்.

மனிதத் தலையில் முடி வருவதற்கும் நாய்த் தோலில் முடி வருவதற்கும் வித்தியாசம் உண்டு. நாய்க்கு ஒரு துளையிலிருந்து ஒரு கொத்தே வரும். நடுவில் தடித்த ஒரு முதன்மை முடி, சுற்றிலும் பல மெல்லிய துணை முடிகள். முதன்மை முடிகள் சேர்ந்து மேல்கோட், துணை முடிகள் சேர்ந்து உள்கோட். மேல்கோட் மழையையும் முள்ளையும் தடுக்கிறது, உள்கோட் காற்றைச் சிறைப்பிடித்து உடல் சூட்டைக் காக்கிறது. கம்பிமுடி இனங்களில் இந்த மேல்கோட்தான் கரடுமுரடாக, நெருக்கமாக, கொஞ்சம் முறுக்கலாக இருக்கும். புதருக்குள்ளும் வளைக்குள்ளும் புகுந்து வேட்டையாட வளர்க்கப்பட்ட டெரியர்களுக்கு அது ஒரு கவசம்.

ஒவ்வொரு முடியும் ஒரு சுற்றில் வாழ்கிறது. முதலில் வளர்ச்சிக் கட்டம்: மயிர்க்காலின் அடியில் இருக்கும் குமிழில் செல்கள் வேகமாகப் பிரிந்து, கெரட்டின் என்ற புரதம் நிரம்பி, இறுகி, மேலே தள்ளப்படுகின்றன. பக்கத்திலேயே இருக்கும் நிறமிச் செல்கள் மெலனினை உள்ளே ஊட்டுகின்றன. அடுத்து ஒரு குறுகிய மாற்றக் கட்டம், குமிழ் சுருங்குகிறது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: நிறம் ஊட்டும் வேலை முதலில் நின்றுவிடும், முடியை உருவாக்கும் வேலை அதற்குப் பிறகுதான் நிற்கும். அதனால்தான் கடைசியாக உருவாகிற அடிப்பகுதி வெளுத்துப் போகிறது, வேர்முனையில் அந்த வெள்ளைப் புள்ளி வருகிறது. மூன்றாவது ஓய்வுக் கட்டம். முடி முழுக்க இறுகிப்போய், கதாயுதம் மாதிரி ஒரு சின்ன முண்டோடு மயிர்க்காலில் சும்மா செருகி நிற்கிறது. உயிருள்ள குமிழோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. சுற்றியிருக்கும் செல்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் மட்டுமே நிற்கிறது.

கையால் பறிப்பது, அதாவது ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங், நாயை வதைப்பது இல்லையா என்று பலர் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். முடிக்குள் நரம்பு கிடையாது, ஆனால் மயிர்க்காலைச் சுற்றி நரம்புகள் பின்னிக் கிடக்கின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேர் ஆழத்தில், உயிருள்ள திசுவோடு ஒட்டி இருக்கும். அதைப் பிடுங்கினால் நிச்சயம் வலிக்கும். ஓய்வுக் கட்டத்து முடியின் முண்டு மேலே வந்து நிற்கும், சின்ன விசையிலேயே கழன்றுவிடும். ஆகவே வலிக்குமா என்ற கேள்விக்குப் பதில், எந்த முடியை எப்போது எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. நாய் சுருக்கென்று திரும்பினால், தோலைச் சுருக்கினால், அந்த முடி இன்னும் முற்றவில்லை. அதை விட்டுவிடுங்கள். பிடிவாதமாக இழுப்பது தவறு, இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சரி, மெஷின் கதைக்கு வருவோம். மெஷின் மயிர்க்காலைக் கெடுத்துவிடும் என்று சொல்வார்கள், அது உண்மையில்லை. தோலுக்குக் கீழே மெஷின் போவதே இல்லை. நடப்பது வேறு. தடித்த, நிறமுள்ள மேல்பாதி போய்விடுகிறது, வெளுத்த காம்பு மட்டும் நிற்கிறது. அந்தக் காம்பு செத்த முடிதான், இனி நீளாது, தடிக்காது, ஆனால் மயிர்க்காலை விட்டுக் கிளம்பவும் கிளம்பாது. பல கம்பிமுடி இனங்களில் ஓய்வுக் கட்டம் நீண்டது, முடி தானாகக் கொட்டுவதும் குறைவு, அதனால் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். மேல்கோட் குட்டையானதும் அதுவரை மறைந்திருந்த உள்கோட் வெளியே தெரிகிறது, அது இயல்பிலேயே மெல்லியது, நிறம் மங்கியது. ஒரு புது முடி எப்படியோ முளைத்து, தன் தடித்த நுனியை வெளியே நீட்டும்போது அடுத்த மெஷின் வந்து அதையும் சீவிவிடும். இப்படியே இரண்டு வருடம் போனால் அந்த நாய்க்குக் கம்பிமுடி இருந்ததே மறந்துவிடும்.

பறித்தால் ஏன் புது முடி வருகிறது? வெட்டுவது மயிர்க்காலுக்குத் தெரியாது, பறிப்பது தெரியும். முண்டு கழன்று வரும்போது அங்கே ஏற்படும் சின்னச் சலனம், உறங்கிக்கொண்டிருக்கும் மூலச்செல்களை எழுப்புகிறது. எலிகளில் இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 2015இல் செல் என்ற ஆய்விதழில் செங்-மிங் சுவாங் குழு வெளியிட்ட கட்டுரையில், எலியின் முதுகில் சரியான நெருக்கத்தில் 200 முடிகளைப் பறித்தபோது, பறிக்கப்படாத பக்கத்து மயிர்க்கால்களும் சேர்ந்து விழித்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு முடி முளைத்தது. பறிபட்ட மயிர்க்கால்கள் வேதிச் செய்தி அனுப்பி, நோய் எதிர்ப்புச் செல்களை வரவழைத்து, அவை வழியாக அக்கம்பக்கத்துக்கும் சேதி போகிறது. ஆங்காங்கே தள்ளித் தள்ளிப் பறித்தால் அந்த விளைவு இல்லை. எலியும் நாயும் ஒன்றல்ல, எண்ணிக்கையை அப்படியே நாய்க்குப் பொருத்த முடியாது. ஆனால் ஓய்வில் இருக்கும் முடியைப் பறித்தால் அந்த மயிர்க்காலில் அடுத்த சுற்று தொடங்குகிறது என்பதைக் கம்பிமுடி நாய் வளர்க்கிற எவரும் சில வாரங்களில் கண்ணாலேயே பார்க்கலாம்.

தாடியும் புருவமும் வேறு ஒரு சுவாரசியம். 2009இல் சயின்ஸ் இதழில் எலைன் ஆஸ்ட்ரேண்டரின் குழு 80 இனங்களைச் சேர்ந்த 1000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களை அலசி, நாய்களின் முடியில் நாம் பார்க்கிற வகைகளில் பெரும்பாலானவை மூன்றே மரபணுக்களின் கூட்டணி என்று காட்டியது. எஃப்ஜிஎஃப்5 நீளத்தை முடிவு செய்கிறது. கேஆர்டி71 சுருளை முடிவு செய்கிறது. ஆர்எஸ்பிஓ2 என்ற மரபணுவின் வால்பகுதியில் 167 டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தால் தாடி, மீசை, புருவம் வருகிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். குட்டைமுடி மரபணுவோடு அந்தச் செருகல் சேர்ந்தால் கம்பிமுடி. நீளமுடியோடு சேர்ந்தால் பியர்டட் கோலி மாதிரி மென்மையான தாடிக்காரர். நீளம், சுருள், தாடி மூன்றும் சேர்ந்தால் பிஷோன் ஃப்ரீஸே. இதனால்தான் தாடி இருக்கிற எல்லா நாய்க்கும் பறிக்கும் முறை பொருந்தாது. சுருள்முடி நாயைப் பறிக்கப் போகாதீர்கள், அந்த முடி பெரும்பாலும் வளர்ச்சிக் கட்டத்திலேயே இருக்கும்.

இனி வேலை. எப்போது தொடங்குவது என்பதை நாயின் முதுகே சொல்லும். முடி படிந்து கிடக்காமல் கலைந்து நிற்கும், நடுமுதுகில் தானாக வகிடு விழும், ஒரு சிட்டிகை பிடித்து இழுத்தால் எதிர்ப்பில்லாமல் வரும். குளிப்பாட்டிய கையோடு செய்யாதீர்கள், சுத்தமான முடி வழுக்கும். கொஞ்சம் அழுக்கோடு, உலர்ந்த முடிதான் விரலுக்குப் பிடி கொடுக்கும். அப்படியும் வழுக்கினால் சாக்பீஸ் பொடியை விரலில் தொட்டுக்கொள்ளலாம், அல்லது ரப்பர் விரலுறை போட்டுக்கொள்ளலாம். முதலில் சீப்பால் உள்கோட்டைச் சீவி எடுத்துவிடுங்கள். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். தோல் தளர்வாக இருந்தால் முடியோடு சேர்ந்து அதுவும் வரும், நாய்க்கு எரிச்சல் அதில்தான். மறு கையால் நான்கைந்து முடி மட்டும், நுனிப்பக்கம், முடி படிந்த திசையில், சுருக்கென்று. கொத்தாகப் பிடிப்பவர்கள்தான் நாயைப் பயமுறுத்துகிறார்கள்.

ஸ்ட்ரிப்பிங் கத்தி என்று ஒன்று கிடைக்கும். பெயர்தான் கத்தி, வெட்டுவதற்கு இல்லை, முடியைப் பிடிக்க உதவும் மொண்ணைப் பற்கள். மணிக்கட்டை மடக்கி இழுத்தால் அது முடியை அறுத்துவிடும், அப்புறம் மெஷின் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. மணிக்கட்டை நேராக வைத்து முழங்கையிலிருந்து இழுங்கள். எடுத்த முடியை அவ்வப்போது பாருங்கள்: அடியில் வெள்ளை முனை தெரிந்தால் பறித்திருக்கிறீர்கள், மழுங்கிய வெட்டுமுனை தெரிந்தால் அறுத்திருக்கிறீர்கள். எனக்கு இந்த ஒரு சோதனைதான் மற்ற எல்லா அறிவுரையையும்விடப் பயன்பட்டது.

வயிறு, தொடையிடுக்கு, தொண்டை, காதின் உட்பக்கம் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, அங்கே கத்தரிக்கோல் போதும். மீசைப்பகுதியில் தனித்து நிற்கும் தடித்த உணர்முடிகளைத் தொடவே வேண்டாம், அவற்றின் வேரைச் சுற்றி ரத்தம் நிரம்பிய பையும் ஏராளமான நரம்பும் உண்டு. தோல் சிவந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரே நாளில் முடிக்கிற வேலை இல்லை இது. வருடத்துக்கு இரண்டு முறை முழுசாகப் பறிப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது வாரம் ஒரு முறை கால்மணி நேரம் உட்கார்ந்து நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுப்பது. அப்படிச் செய்தால் வெவ்வேறு வயதுடைய முடிகள் அடுக்கடுக்காக இருக்கும், நாய் ஒருநாளும் மொட்டையாக நிற்காது.

பறித்த பிறகு குளியல் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மயிர்க்கால்கள் திறந்து கிடக்கும் நேரத்தில் முடிக்கு எதிர்த் திசையில் ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். தண்ணீர் கலந்து நாள்கணக்கில் பாட்டிலில் வைத்திருந்த ஷாம்பூ இன்னும் ஆபத்து, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதில் சுகமாக வளரும். அதனால் வரும் ஆழமான தோல் தொற்று, குளிப்பாட்டிய ஓரிரு நாளில் முதுகில் கடும் வலியாக, காய்ச்சலாக, தொட்டால் கத்துகிற அளவுக்கு வெளிப்படலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது. பறித்த பிறகு சில நாள் தோலை ஆறவிட்டு, அப்புறம் குளிப்பாட்டுங்கள், ஷாம்பூவை அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.

வயதாகித் தோல் மெலிந்த நாய், தோல்நோய் உள்ள நாய், தொட்டாலே பதறுகிற நாய், இவற்றுக்கு மெஷினே நல்லது. நிறமும் விறைப்பும் போனால் போகட்டும், நாயின் நிம்மதிதான் முக்கியம்.

ஏற்கெனவே மெஷின் போட்டுப் பஞ்சாகிப்போன முடியை மீட்க முடியுமா என்றால், பெரும்பாலும் ஓரளவுக்கு முடியும், பொறுமை வேண்டும். முடியை விரலால் பிடிக்கிற நீளத்துக்கு வளரவிட்டு, உள்கோட்டை நன்றாகச் சீவி, பழைய காம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டே வர வேண்டும். பறித்த இடத்தில் சில வாரத்தில் புது நுனிகள் தெரியும், முழுக் கோட்டாக ஏறக்குறைய 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் சுற்றில் வருவது அரைகுறையாகத்தான் இருக்கும், இரண்டாவது மூன்றாவது சுற்றில்தான் தேறும். எங்கள் ஷ்னாசருக்கு இரண்டாவது சுற்றில், தோள்பட்டைக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு முதலில் கருத்தது. அதிலிருந்து ஒரு முடியை எடுத்துத் தாளில் வைத்துப் பார்த்தேன்: கருப்பு, நடுவில் ஒரு வெளிர் பட்டை, மறுபடி கருப்பு, அப்புறம் வெள்ளைக் காம்பு.