ஆன்லைனில் உங்கள் கைவேலையை நகலெடுத்து விற்கிறார்களா? சட்டம் தரும் வழிகளும் தவறவிடக் கூடாத கெடுக்களும்

நீங்கள் வடிவமைத்த டெரகோட்டா ஜிமிக்கி அச்சு மாறாமல் வேறொரு கடைப்பெயரில் பாதி விலைக்கு விற்கிறது. நீங்கள் எடுத்த படத்தையே அங்கே போட்டிருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் இதற்கு வழி உண்டு. ஆனால் எந்த வழி என்பது, பொருள் என்ன, எத்தனை செய்தீர்கள், முதலில் எப்போது வெளியே காட்டினீர்கள் என்ற மூன்றையும் பொறுத்தது.

ஓவியம், சிற்பம், கோட்டுச்சித்திரம், புகைப்படம், கலைநயமுள்ள கைவினைப் படைப்பு எல்லாவற்றுக்கும் பதிப்புரிமைச் சட்டம், 1957 பாதுகாப்புத் தருகிறது. படைத்த கணமே உரிமை பிறந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை. படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனாலும் பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக (எதிராளி மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக) எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், நன்றாக விற்கும் நான்கைந்து படைப்புகளையாவது பதிந்து வைப்பது நல்லது. பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்ப வேண்டும். கட்டணம் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். லேபிள், லோகோ போல விற்பனைப் பொருளோடு பயன்படக்கூடிய கலைப்படைப்பு என்றால் 2,000 ரூபாய். அதற்கு வணிகக்குறிப் பதிவாளரின் சான்றும் வேண்டும். விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு.

பாணிக்கும் மரபுக்கும் தனியுரிமை கிடையாது. தஞ்சாவூர் ஓவியத்தில் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரை யாரும் வரையலாம். உங்கள் கோடு, வண்ண அமைப்பு, உருவங்களை நீங்கள் அடுக்கிய விதம் ஆகியவற்றை அப்படியே எடுத்தால்தான் மீறல். தஞ்சாவூர் ஓவியம், பத்தமடைப் பாய் போன்ற பெயர்களைப் போலிப் பொருளுக்குச் சூட்டுவது வேறு வகை. அது புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999-இன் கீழ் வரும். அதன் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

கைவினைஞர்கள் அதிகம் சறுக்கும் இடம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 15(2). டிசைனாக, அதாவது ஒரு பொருளின் வடிவமாகவோ அலங்காரமாகவோ, பதியக்கூடிய ஒன்றைப் பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளைத் தொழில்முறைச் செயல்பாட்டில் 50 முறைக்கு மேல் உருவாக்கினால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துபோகும். 50 என்பது சின்ன எண். ரெசின் அச்சு, ஸ்கிரீன் பிரிண்டிங், லேசர் வெட்டு, டிஜிட்டல் துணி அச்சு வைத்திருப்பவர் ஒரு பண்டிகை ஆர்டரிலேயே அதைத் தாண்டிவிடுவார். ஒவ்வொன்றையும் கையால் தனித்தனியே செய்கிறவர் ‘இது தொழில்முறை உற்பத்தி அல்ல’ என்று வாதிடலாம். அதற்கு வேலை நடக்கும் படங்களும் ஆர்டர் பதிவேடும் கையில் இருக்க வேண்டும். ஒரு படைப்பு கலைப்படைப்பா, டிசைனா என்று எப்படிப் பார்ப்பது என்பதை கிரையோகேஸ் எதிர் ஐநாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 2025-இல் விளக்கியது. அது தூய கலைப்படைப்பா, தொழில்முறையில் பொருளின் மேல் ஏற்றிய டிசைனா என்று முதலில் பார்க்க வேண்டும். அதில் தெளிவு வராவிட்டால், அதன் முதன்மை நோக்கம் பயன்பாடா அழகா என்று பார்க்க வேண்டும்.

எனவே நகை, துணி, விளக்கு, பொம்மை எனப் பல எண்ணிக்கையில் விற்பவர்கள் டிசைன் சட்டம், 2000-இன் கீழ் பதிவது அவசியம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பொருளின் வகுப்பைச் சரியாகக் குறிக்க வேண்டும்: நகைக்கு 11-01, துணிக்கு 05-05. எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்த தெளிவான படங்களும், எந்த அம்சம் புதிது என்ற வாக்கியமும் தேவை. பாதுகாப்பு 10 ஆண்டு. புதுப்பித்தால் இன்னும் 5 ஆண்டு.

இதில் ஒரு நிபந்தனை இரக்கமில்லாதது. விண்ணப்பிக்கும் தேதிக்கு முன் உலகில் எங்குமே அந்த டிசைன் வெளியாகியிருக்கக் கூடாது. நீங்களே இன்ஸ்டாகிராமில் போட்ட படமும் வெளியீடுதான். பதிந்த பிறகும் எதிராளி அந்தப் பழைய பதிவைக் காட்டிப் பதிவை ரத்துசெய்யக் கேட்கலாம். ஆகவே வரிசை இதுதான்: விண்ணப்பம் முதலில், படம் பிறகு. மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கேயும் முன்கூட்டியே டிசைன் கட்டுப்பாட்டாளருக்கு (கன்ட்ரோலருக்கு) அறிவித்து, 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நகலைக் கண்டதும் விற்பவருக்குக் கோபமாக மெசேஜ் அனுப்பாதீர்கள். பக்கத்தை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார். முதலில் சான்று சேருங்கள்: இணைய முகவரி, தேதி, கடைப்பெயர், விலை தெரியும் முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட், உங்கள் மூலக் கோப்பு, தேதியுள்ள வரைவுகள். முடிந்தால் ஒரு பொருளை வாங்கி, பில்லையும் உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, வாங்கிய நுகர்வோர் எழுத்தில் கேட்டால் விற்பவரின் முகவரி, மின்னஞ்சல் முதலியவற்றைத் தளம் தர வேண்டும். வழக்கு என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட்டுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிக்கப்படும். அதனால் மூலக் கோப்பைத் திருத்தாமல், வெட்டாமல் வையுங்கள்.

அடுத்தது தளத்துக்குப் புகார். நகலெடுத்தவர் உங்கள் புகைப்படத்தையும் எடுத்திருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். நிரூபிக்க அதுதான் எளிது. எடுத்தவர் நீங்கள் என்றால் உரிமை உங்களுடையது. காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை உங்களுக்கே. (இதே விதி திருப்பியும் அடிக்கும்: வாடிக்கையாளர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை அவருக்குப் போய்விடும். ஆர்டர் எடுக்கும்போதே உரிமை யாருக்கு என்று எழுதி வாங்குங்கள்.)

தளத்தின் சொந்தப் படிவத்தில் பலன் இல்லையென்றால், பதிப்புரிமை விதிகள், 2013-இன் விதி 75-இன்படி எழுத்துப் புகார் அனுப்பலாம். படைப்பின் விவரம், உரிமை உங்களுடையது என்பதற்கான ஆதாரம், அது சட்டம் அனுமதிக்கும் நகல் அல்ல என்பதற்கான காரணம், நகல் இருக்கும் சரியான இணைய முகவரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். திருப்தி ஏற்பட்டால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் அதே புகாரில், வழக்குத் தொடர்ந்து 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைத் தருவேன் என்ற உறுதிமொழியும் இருக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் தளம் பக்கத்தைத் திரும்பத் திறக்கலாம். அதே இடத்தில் உள்ள அதே மீறல் பற்றி நீங்கள் மறுபடி அனுப்பும் புகாரைக் கண்டுகொள்ளாமலும் விடலாம். வழக்கறிஞரிடம் பேசி முடித்த பிறகே இந்தப் புகாரை அனுப்புவது உத்தமம். விதி 75 பதிப்புரிமைக்கு மட்டும்தான். டிசைன் மீறல் என்றால் பதிவுச் சான்றிதழை இணைத்துத் தளத்தின் படிவத்தில் கேட்க வேண்டும், மறுத்தால் நீதிமன்றம்தான்.

எட்ஸி போன்ற அமெரிக்கத் தளங்களில் அந்நாட்டின் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் செல்லும். உங்கள் புகாரால் பக்கம் நீக்கப்பட்டபின் எதிராளி மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடராதவரை 10 முதல் 14 வேலைநாளில் பக்கம் திரும்பிவரும். இந்தியாவில் முதலில் வெளியான படைப்புக்காக அங்கே வழக்குத் தொடர அமெரிக்கப் பதிவு தேவையில்லை.

பதிப்புரிமை வழக்கை நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். எதிராளி சூரத்தில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கோரிக்கை 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்கில், அவசர இடைக்காலத் தடை கேட்காவிட்டால், முதலில் சமரச முயற்சி கட்டாயம். தெரிந்தே மீறுவது குற்றமும்கூட: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று 2022-இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. டிசைன் மீறலுக்குச் சிறை இல்லை. மீறல் ஒன்றுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரை பெறலாம். அல்லது இழப்பீடும் தடையும் கேட்டு வழக்குப் போடலாம். உரிமை இல்லாத விஷயத்துக்கு வழக்கு மிரட்டல் விடுத்தால், பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 60-இன் கீழ் எதிராளி உங்கள்மேல் வழக்குப் போட முடியும்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்கும் பெண் கைவினைஞர்களுக்கு: சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் பிரிவு 12-இன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு; பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.