பல்சக்கரம் கணக்குப் போடுமா?

ஸ்டீம்பங்க், அதாவது உலகமே நீராவி இயந்திரங்களில் ஓடுவதாகக் கற்பனை செய்யும் கதை வகை, என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தொப்பியில் ஒட்டிய பித்தளைச் சக்கரமும் ஆகாயக் கப்பலும்தான். ஆனால் பங்க் வகைக் கதைகளின் விளையாட்டே வேறு: ஒரு தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு, உலகம் முழுக்க அதை வைத்தே ஓடினால் யார் கை ஓங்கும், யார் நசுங்குவார்கள் என்று கேட்பது. கணினி வலை என்றால் சைபர்பங்க், மரபணு என்றால் பயோபங்க், சூரிய சக்தி என்றால் சோலார்பங்க். ஸ்டீம்பங்க் என்ற பெயரே 1987ல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்குப் பாதி கிண்டலாக எழுதிய கடிதத்தில் வந்ததுதான்.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது நீராவிக் கணினி, ஏனென்றால் அது முழுக் கற்பனை இல்லை. லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர் 1822லேயே கணக்குப் போடும் சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார்.

அதன் தந்திரம் இதுதான். n² + n + 41ல் n-க்கு 0, 1, 2, 3 என்று போடுங்கள்: 41, 43, 47, 53 வரும். இவற்றின் இடைவெளிகள் 2, 4, 6. அந்த இடைவெளிகளுக்கு இடையே எப்போதும் 2. அப்புறம் பெருக்கல் எதற்கு? 6 உடன் 2 கூட்டினால் 8, 53 உடன் 8 கூட்டினால் 61, அடுத்த விடை ரெடி. வெறும் கூட்டல் என்றால் 0 முதல் 9 வரை பொறித்த சக்கரம் போதும். 9ஐத் தாண்டும்போது அது பக்கத்துச் சக்கரத்தை ஓர் இடம் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதே முறையில் பாபேஜ் கட்டத் தொடங்கிய பெரிய இயந்திரத்துக்கு பிரிட்டிஷ் அரசு சுமார் 17,000 பவுண்டு கொட்டிவிட்டு 1842ல் கைவிட்டது. அவருடைய பிந்தைய வரைபடம் ஒன்றை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991ல் கட்டிப் பார்த்தது, சரியாகவே கணக்குப் போட்டது! ஆக, தடையாக நின்றது இயற்பியல் இல்லை. பணமும், பாபேஜுக்கும் அவருடைய இயந்திரக் கைவினைஞருக்கும் இடையே நடந்த சண்டையும்தான்.

நீராவியில் ஓட வேண்டியது, பெரிய இயந்திரத்துக்கு அடுத்து பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரம், கொடுக்கும் கட்டளைக்கு ஏற்ப வேறு வேறு கணக்குகள் போடக்கூடியது. அதற்குக் கட்டளை கொடுக்க ஓட்டை போட்ட அட்டைகள். யோசனை வந்தது, ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறியிலிருந்து, காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு பார்டர் போடும் அதே ஜக்கார்டு. 1843ல் ஏடா லவ்லேஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் பகுப்பாய்வு இயந்திரத்துக்கான கணக்கு முறையைக்கூட எழுதி வெளியிட்டார், இயந்திரம்தான் வரவேயில்லை.

வந்திருந்தாலும், இரண்டு 20 இலக்க எண்களைப் பெருக்க மூன்று நிமிடம் ஆகும் என்பது பாபேஜின் மதிப்பீடு. எனவே நீங்கள் ஸ்டீம்பங்க் கதை எழுதினால், கதாநாயகி ரகசியக் குறியீட்டை உடைக்கும் காட்சியில் கரி அள்ளிப் போட ஆள் வையுங்கள், சில வாரங்கள் அவகாசமும் கொடுங்கள்.