‘நீங்க எல்லாருமே இப்படித்தான்’

சிங்கப்பூரில் அண்டை வீட்டுச் சண்டைகளுக்குச் சமரசம் பேசி வைப்பது என் வேலை. வருகிற புகார்கள் பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: காரிடாரை அடைக்கும் செருப்பு அலமாரி, நடுராத்திரியில் நாற்காலி இழுக்கும் சத்தம், சாம்பிராணிப் புகை. அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம். முடியாமல் இழுப்பது, சண்டையின் நடுவே யாரோ வீசிவிட்டுப் போன ஒரு சொல்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மேல்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம், கீழ்வீட்டில் தனியாக வாழும் சீன மூதாட்டி. மூங்கில் கழியில் காயப்போட்ட ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டி, அவருடைய காய்ந்த துணிகள் நனைந்தன. ஒருநாள் லிஃப்ட் வாசலில் வாக்குவாதம். “இந்தியர்கள் எல்லாருமே அழுக்கு” என்றார் மூதாட்டி. “சீனர்களுக்கு மரியாதையே தெரியாது” என்றார் மேல்வீட்டு அப்பா. அப்புறம் எட்டு மாதம் பேச்சே இல்லை, புகார் மேல் புகார்தான்.

எங்கள் மேசையில் தண்ணீர்ப் பிரச்சினை இருபது நிமிடத்தில் தீர்ந்தது. துணியை மெஷினில் இன்னொரு முறை சுழலவிட்டுக் காயப்போடுவதாக மேல்வீட்டு அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் இருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த அப்பா மெதுவாகச் சொன்னார்: “அன்னைக்கு என் பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ராத்திரி படுக்கும்போது, நாம அழுக்காப்பான்னு கேட்டான்.” என்னுடன் இருந்த சமரசர் அதை மாண்டரினில் சொன்னபோது மூதாட்டி திகைத்துப்போனார். அப்படிச் சொன்னதே அவருக்கு நினைவில்லை. இவருக்கும் தான் பதிலுக்குச் சொன்னது நினைவில்லை. மூதாட்டியோ அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சொன்னவர் மறந்துவிடுகிறார், கேட்டவர் சுமக்கிறார். “சும்மா கோபத்துல சொன்னது”, “விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு அது உண்மையிலேயே சும்மாதான். ஆனால் ‘உங்கள் துணி சொட்டுகிறது’ என்றால் அது ஒருவருடைய துணியைப் பற்றிய பேச்சு. ‘நீங்க எல்லாருமே இப்படித்தான்’ என்றதும் அவருடைய அம்மா, பிள்ளை, ஊர், கோயில் எல்லாம் அந்த லிஃப்ட் வாசலுக்கு இழுத்துவரப்படுகின்றன. துணிக்கு மன்னிப்புக் கேட்கலாம். பிறப்புக்கு எப்படிக் கேட்பது?

சிங்கப்பூரில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், இருக்கிறோம். எந்த இனத்தவரும் தனிப்பேட்டையாக ஒதுங்கிவிடாதபடி, ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடுகள்வரை வைத்திருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு உண்டு. நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அது நம்மைப் பக்கத்தில் குடிவைக்கும், பேசக் கற்றுத்தராது.

இப்படிப் பேசினால் எங்கே போய் முடியும் என்பதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது. 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அதற்கு முந்தைய வாரங்களிலேயே மேடைப் பேச்சுகளும் துண்டறிக்கைகளும் ‘அவர்கள்’ என்ற சொல்லைச் சூடேற்றி வைத்திருந்தன. கலவரம் தொடங்கியதும் வதந்தி பரவியது. 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 உயிர்கள் போயின.

பள்ளிகளில் 1997 முதல் அந்த ஜூலை 21ஐ இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் பாரம்பரிய உடை அணிந்து போகிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் அப்பா ஓர் இனத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான் பிள்ளை மனதில் வைத்துக்கொள்ளும்.

2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேண்டியதுதான். இருந்தாலும் வாய்தவறி வந்த சொல்லுக்கெல்லாம் சட்டத்தைத் தேடிப் போக முடியாது.

நம் வீடுகளையும் பார்க்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளி எந்த நாட்டவரானாலும் ‘பங்ளா’ என்கிறோம். இந்தியாவிலிருந்து புதிதாக வந்த தமிழரை ‘ஊர்க்காரன்’ என்று ஒதுக்குகிறோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் இனத்தைக் கேலி செய்யும் காணொளி வந்தால் சிரிப்புப் படம் போடுகிறோம். நம்மைச் சொன்னால் மட்டும் வலிக்கிறது.

மேசையில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: “எல்லாரும் என்கிறீர்களே, யார் யார்?” அந்த மூதாட்டி நிறைய நேரம் யோசித்துவிட்டு, “இவர் மட்டும்தான்” என்றார். அந்த அப்பாவிடமும் கேட்டேன். அதே பதில்.

உடன்படிக்கைத் தாளில் துணியைப் பற்றி ஒரு வரி எழுதினோம். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்றேன். மூதாட்டி தயங்கிச் சொன்னார்: அந்தப் பையன் முன்பெல்லாம் லிஃப்டில் பார்த்தால் “ஆன்ட்டி” என்று கூப்பிடுவானாம். எட்டு மாதமாகக் கூப்பிடுவதில்லையாம்.