ஓவியத் துளிப்பாவைச் சித்திரக்கவி என்னாதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் மறுபடியும் அந்தத் தட்டியைப் பார்த்தேன்: ‘சிறுவர் சித்திரக்கவிப் பட்டறை’. இந்த ஆண்டில் மூன்றாவது முறை. உள்ளே நடப்பது அருமையான விளையாட்டு. பிள்ளைகள் ஏதாவது வரைகிறார்கள், அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்து மூன்று வரியில் ஹைக்கூ எழுதுகிறார்கள். பெயர்தான் தப்பு.

ஜப்பானியர் இதை ‘ஹைகா’ என்பார்கள். ‘ஹை’ விளையாட்டுத்தனம், ‘கா’ ஓவியம். ஹைக்கூவில் இருப்பதும் அதே ‘ஹை’தான். ஜப்பானியக் கவிஞரும் ஓவியருமான யோசா பூசோன் (1716–1784) ஹைக்கூ, ஹைகா இரண்டிலும் கைதேர்ந்தவர்.

சித்திரக்கவியோ நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் சொல். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நாற்கவியில் ஒன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் அதற்கு இலக்கணமே சொல்கிறது. அதில் ஒரு வகையான நாகபந்தத்தில், பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலில் செய்யுளை எழுத்தெழுத்தாக அடைப்பார்கள். உடல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். ஓரெழுத்து பிசகினால் போச்சு. இருபுறமும் ஒன்றுபோல் வாசிக்கும் மாலைமாற்றும் சித்திரக்கவிதான், அதில் படமே கிடையாது. ஆக, அங்கே சித்திரம் என்பது சொல் வித்தை.

ஹைகாவில் எழுத்தைப் படத்துக்குள் திணிக்கும் வேலை இல்லை. படம் ஒன்றைச் சொல்லும், கவிதை பக்கத்தில் நின்று வேறொன்றைச் சொல்லும். காசிமேட்டுச் சிறுமி ஒருத்தி காலி அன்னக்கூடை ஒன்றை வரைந்திருந்தாள், விளிம்பில் ஒரு நசுங்கலோடு. கீழே அவள் எழுதியது:

கொதிக்குது குழம்பு
மீன் இன்னும்
கடலில்

கூடை என்ற சொல்லே இல்லை. ஆனால் கூடை ஏன் காலி என்று தெரிந்துவிடுகிறது. இதற்கும் நாகபந்தத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், நாளைக்கு அவள் தண்டியலங்காரத்தைத் திறக்கும்போது என்ன புரிந்துகொள்வாள்?

ஹைக்கூவுக்குத் துளிப்பா என்ற சொல் நிலைத்துவிட்டது. ஹைக்கூ வடிவிலேயே கிண்டல் பேசும் சென்ரியுவுக்கு நகைத்துளிப்பா, உரைநடையோடு ஹைக்கூ சேரும் ஹைபுனுக்கு உரைத்துளிப்பா என்று ஒரு குடும்பமே வந்தாயிற்று. அந்த வரிசையில் ‘ஓவியத் துளிப்பா’ தானாக வந்து உட்காரும். ‘ஓவிய ஹைக்கூ’ என்றாலும் சரி, எனக்குச் சண்டை இல்லை, பொருள் தெளிவாக இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்களே, அதுதான் ஆகாது. ‘பட்டறை’யும் அப்படி வந்ததுதான். வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் பட்டறை என்றால் லேத் ஓடும் இடம் என்பார்கள். பயிலரங்கம் என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது.

‘சிறுவர் ஓவியத் துளிப்பாப் பயிலரங்கம்’ என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, தட்டி வைத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.