பில் போடுவதற்கு முன்பே எழுத வேண்டியது

தனியாக டிசைன் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, ‘ஒரு லோகோவுக்கு எவ்வளவு வாங்கலாம் அண்ணா?’ என்பதுதான். விலை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். நான் சொல்லும் தொகை இன்னொருவருக்குப் பொருந்தாது. அந்தத் தொகைக்கு என்னென்ன கொடுக்கப்போகிறீர்கள், பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதை எழுதியிருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். போனில் பேசி, வாட்ஸ்அப்பில் ‘ஓகே, ஆரம்பிச்சிடுங்க’ என்று வந்ததும் சிஸ்டத்தைத் திறந்துவிடுகிறார்கள். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் மசாலா பாக்கெட்டிலிருந்து பனியன் பெட்டிவரை இப்படித்தான் நடக்கிறது.

ஒரு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை மாடல் காட்டுவோம், கரெக்‌ஷன் எத்தனை முறை, அதற்கு மேல் போனால் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, கடைசியில் என்னென்ன ஃபைல் கொடுப்போம், உரிமை யாருக்கு. இதை மெயிலில் அனுப்பி, சம்மதம் என்று பதில் வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகு தொடங்குங்கள். நான் பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்குகிறேன். பழகியவர், சொந்தக்காரர் என்றால் கேட்கக் கூச்சமாக இருக்கும். அங்கேதான் இது இன்னும் அவசியம். பிறகு மனக்கசப்பு வந்தால் பணத்தோடு உறவும் போய்விடும்.

கரெக்‌ஷன் விஷயத்தில் ஒரு வித்தியாசத்தை எழுதிவிடுவது நல்லது. நிறம், அளவு, இடம் மாற்றச் சொல்வது கரெக்‌ஷன். ‘இது வேண்டாம், வேறு மாதிரி யோசியுங்கள்’ என்பது புது வேலை. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டால் எந்த விலையும் கட்டாது.

அப்புறம் ப்ரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி. அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளர் முழுவதும் படித்து, ‘பார்த்தேன், அச்சுக்குப் போகலாம்’ என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்றால் முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், பெரியவர்களின் இனிஷியல், பெயர்கள் வரும் வரிசை. பாக்கெட் என்றால் நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வந்த வரிகளைப் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றி, டிசைன் மென்பொருளான கோரல்டிராவில் ஒட்டும்போது ஸ்ரீ, க்ஷ போன்றவை சிதைந்துபோவது உண்டு. கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்தை கர்வ்ஸ் ஆக, அதாவது தட்டச்சு செய்ய முடியாத வெறும் வடிவமாக, மாற்றிய பிறகு யாரும் திரும்பப் படிப்பதில்லை. அதனால், மாற்றிய பிறகு எடுத்த பிடிஎஃப்பைத்தான் ப்ரூஃபாக அனுப்ப வேண்டும். பத்தாயிரம் பெட்டி அச்சாகி வந்த பிறகு, செலவு யார் தலையில் என்று சண்டை போடுவதைவிட அந்த ஒரு வரி பதில் எவ்வளவோ மேல்.

இனி உரிமை. இதில்தான் இரண்டு பக்கமும் தவறாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ‘காசு கொடுத்தேன், லோகோ என்னுடையது’ என்று கடைக்காரர் நினைக்கிறார். டிசைனரும் அது கடைக்காரருடையது என்றுதான் நினைக்கிறார். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு. நம்மைப்போல வெளியிலிருந்து செய்து கொடுப்பவர் வரைந்த லோகோவுக்கு, மாறாக எழுதாதவரை, முதல் உரிமையாளர் வரைந்தவரே. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் உருவப்படத்துக்கும் விதி வேறு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி அது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். விலைக்கும் வேலைக்கும் மெயில் சம்மதம் போதும். உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்து வேண்டும்.

ஒரு பேக்கரிக்கு லோகோ செய்து கொடுத்த ஒரு பெண், சில ஆண்டுகள் கழித்து என்னைக் கூப்பிட்டார். கடை வளர்ந்து வேறு ஊரில் கிளை திறக்கிறார்கள். கடையின் வக்கீல், லோகோவின் உரிமை கடைக்கு மாறியதற்கான காகிதத்தைக் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. ‘உரிமையை வைத்துக்கொண்டு இப்போது கூடுதல் பணம் கேட்கலாமா?’ என்று இந்தப் பெண்ணுக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். சட்டப்படி கேட்க முடிந்தாலும் கேட்காதீர்கள் என்றேன். லோகோ என்பது அந்தக் கடையின் முகம். பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்தவருக்கு அது முழுதாகப் போய்ச் சேர வேண்டும். எழுதிக் கொடுத்தார், அந்தக் கிளையின் வேலையும் அவருக்கே வந்தது.

எனவே லோகோவுக்கு நான் எழுதும் வரி இதுதான்: ‘முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளில் இந்த லோகோவின் பதிப்புரிமை, அது நிலவும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் உங்களுக்கு மாறுகிறது.’ பணம் வரும்வரை உரிமை நம்மிடம் இருக்கும், வந்ததும் அவரிடம். தேர்வாகாத மாடல்களின் உரிமை எப்போதும் நம்முடையது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூன்று மாடல் காட்டி ஒன்றுக்குப் பணம் வாங்கிய பிறகு, மீதி இரண்டும் வேறு பெயரில் போஸ்டராக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், வேறு விஷயம். கோரல்டிராவின் சிடிஆர், இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ ஃபைலைக் கொடுக்கிறோமா, கொடுத்தால் தனித் தொகையா என்பது நாம் பேசி முடிவு செய்வது. லோகோவுக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டர் ஃபைலை விலையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். புரோஷர், கேட்டலாக் போன்றவற்றுக்குத் தனித் தொகை. அந்த ஃபைலை எடுத்து நாளை யார் வேண்டுமானாலும் திருத்துவார்கள், அதற்கும் நம் பெயர்தான் சொல்லப்படும்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவசமாக இறங்கிய பல எழுத்துருக்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. தமிழுக்கு முக்த மலர், பாலு தம்பி, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று திறந்த உரிமத்தில் நல்லவை கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக: சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கவே கூடாது. கம்பெனிகள் பில் தொகையில் டிடிஎஸ் என்று வருமான வரி பிடித்தால், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் வராமல் இழுப்பதுதான் இந்தத் தொழிலை விட்டே ஆட்களைத் துரத்துகிறது. திறமை இருந்தும், வர வேண்டிய பாக்கி வராமல் சம்பள வேலைக்குத் திரும்பிப் போனவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு சட்டம் 2006-இலிருந்தே இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள ஒரு குறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்தில் ஒத்துக்கொண்ட தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதவில்லை என்றால் 15 நாள்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள் கிரெடிட்’ என்று போட்டிருந்தாலும் இந்தச் சட்டத்தின் முன் அது நிற்காது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி.

வீட்டிலிருந்து ஒற்றை ஆளாக வேலை செய்பவரும் உத்யமில் பதியலாம். ஆதார், பான் போதும், கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் பல இருக்கின்றன. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் பதியுங்கள். வேலை தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்குச் சட்டம் பொருந்துமா என்பது உச்ச நீதிமன்றம்வரை போன விவாதம்.

வேலையை ஒப்படைக்கும் மெயிலில் தேதி தெளிவாக இருக்கட்டும். ஒப்படைத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. கெடுவும் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து ‘டிசைன் பிடிக்கலை, அதான் பில் பாஸ் ஆகலை’ என்று சொல்ல இடமில்லை.

கெடு முடியும் முன் மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்: ‘சார், பில்லுக்கான 45 நாள் இந்த வாரம் முடிகிறது. உத்யம் எண் பில்லிலேயே இருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.’ ஆடிட்டரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்று 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 2024 மார்ச்சில் இருந்தே கம்பெனிக் கணக்காளர்கள் இதைக் கவனமாகப் பார்க்கிறார்கள். நாம் பத்து முறை போன் செய்து நகராத பில், ஆடிட்டர் ஒரு வார்த்தை சொன்னால் நகரும்.

அதற்கும் அசையவில்லை என்றால், இப்படி இழுக்கும் பாக்கிக்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். அது, இந்தச் சட்டப்படி பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வட்டார வசதிக் குழுவுக்குப் போகும். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் குழுக்கள் உண்டு. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும், பொறுமை வேண்டும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாடிக்கையாளர் முதலில் அந்தத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். புகாரோடு, முதலில் அனுப்பிய அந்த ஒரு பக்கக் கொட்டேஷன், சம்மத மெயில், ஒப்படைத்த மெயில், பில் ஆகிய நான்கையும் தேதி வரிசையில் ஒரே பிடிஎஃப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.