லேப்டாப் 4070 கிராஃபிக்ஸ் கார்டு வேறு, டெஸ்க்டாப் 4070 வேறு: காசு கொடுக்கும் முன் வாட் எவ்வளவு என்று கேளுங்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் ஒரே புகார்: "கார்டு ஃபால்ட்டு அண்ணா, ஸ்பீடே வரலை." மூன்று லேப்டாப்பையும் சோதித்துப் பார்த்தேன், ஒரு கார்டிலும் குறை இல்லை. பெங்களூர் அல்சூரில் 14 வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன், இதே விளக்கத்தை வாரத்துக்கு ரெண்டு தடவையாவது சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் காசு போன பிறகுதான் சொல்கிறேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள் தர்மபுரியிலிருந்து ஒரு அப்பாவும், இங்கே டிசைன் படிக்கிற அவர் மகளும். பிஎஃப் பணத்தை எடுத்து 1,30,000 ரூபாய்க்கு என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கல்லூரி லேபில் இருக்கும் டெஸ்க்டாப்பிலும் 4070தான், அதனால் அதையே தேடி வாங்கியிருக்கிறார்கள். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு காட்சியைப் படமாக்கும் ரெண்டர் வேலை லேபில் ஆறு நிமிடத்தில் முடிகிறது, இதில் பத்து நிமிடத்தைத் தாண்டுகிறது. பெரிய ஃபைல் போட்டால் மெமரி போதவில்லை என்று பாதியிலேயே நின்றுவிடுகிறது.

ரெண்டரை ஓடவிட்டு, கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைப் போட்டு அவர்களையே பார்க்கச் சொன்னேன். மொத்த மெமரி 8188 எம்பி. பவர் 80 வாட்டில் போய் முட்டி நிற்கிறது, அதற்கு மேல் நகரவில்லை. சூடு 74 டிகிரி. அதாவது சூட்டினால் வேகம் குறையவில்லை, கம்பெனி வைத்த வரம்பே அவ்வளவுதான். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லேப்ல 12282னு காட்டும் அண்ணா" என்றாள். அவள் அப்பா என் முகத்தைப் பார்த்து, "அப்போ டூப்ளிகேட் கார்டா சார்?" என்றார்.

டூப்ளிகேட் இல்லை ஐயா. ஒரிஜினல்தான். பெயர்தான் ஒன்று, உள்ளே இருக்கிற சிப்பே வேறு.

இதை நிதானமாகப் படியுங்கள். டெஸ்க்டாப் 4070-ல் 5888 கூடா கோர்கள் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்), 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப் 4070-ல் 4608 கோர்கள், 8 ஜிபி மெமரி, வாட் 35 முதல் 115 வரை லேப்டாப் கம்பெனி எவ்வளவு வைக்கிறதோ அவ்வளவு. மேலே போகப் போக இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. டெஸ்க்டாப் 4090-ல் 16384 கோர்கள், 24 ஜிபி, 450 வாட். லேப்டாப் 4090 என்பது உண்மையில் டெஸ்க்டாப் 4080-ன் சிப், 9728 கோர்கள், 16 ஜிபி. புதிய 5090-லும் இதே கதைதான், டெஸ்க்டாப்பில் 21760 கோர்கள், லேப்டாப்பில் 10496. பாதிகூட இல்லை! இதைச் சொன்னால், "ரெண்டு பர்சன்ட் குறையும்னு கடையில சொன்னாங்க" என்கிறார்கள். ரெண்டு பர்சன்ட் இல்லைங்க.

இந்தக் குழப்பத்துக்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் 980எம் என்று லேப்டாப் கார்டுக்குத் தனியாக ஒரு எழுத்து இருந்தது. 2016-ல் 10 வரிசை வந்தபோது லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் கிட்டத்தட்ட ஒரே சிப் வந்ததால் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள், அப்போது அது நியாயமும்கூட. பிறகு சிப்கள் பிரிந்துபோயின, எழுத்து மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது 'லேப்டாப் ஜிபியு' என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள், கடை விளம்பரத்தில் அது காணாமல் போய்விடுகிறது.

எல்லா மாடலிலும் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 4060-ல் இரண்டு பக்கமும் அதே 3072 கோர்கள், அதே 8 ஜிபி. நல்ல வாட் கொடுத்திருந்தால் லேப்டாப் 4060 டெஸ்க்டாப்புக்கு ஓரளவு பக்கத்தில் வந்து நிற்கும். வாட்டைக் கட்டிப்போட்ட ஒல்லி லேப்டாப் 4070-ஐ முழு வாட் 4060 முந்துவதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அதற்காக பூஸ்ட் எல்லாம் சேர்த்து 140 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், 4050, 4060, 4070 மூன்றும் 100 வாட்டைத் தாண்டினால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை.

அதனால் வாங்கும் முன் மாடலின் முழு விவரத்தில் கார்டின் வாட் வரம்பைச் சொல்லும் டிஜிபி அல்லது 'மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியைத் தேடுங்கள். இல்லையா, எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டே டெமோ பீஸில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பாருங்கள், அங்கே எழுதியிருக்கும். காட்ட மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். அப்புறம் மெமரி. கேம் ஆடுபவர்கள் செட்டிங்கைக் குறைத்துச் சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் ரெண்டர், ஏஐ வேலை செய்பவர்களுக்கு 8 ஜிபிக்கும் 12 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம் வேலை நடக்குமா நடக்காதா என்பதுதான். பிறகு கார்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது மதர்போர்டோடு சால்டர் செய்தது. சார்ஜரைச் செருகாமல் பேட்டரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேகம் இல்லை என்று வராதீர்கள். சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் சூட்டால் இழந்த வேகம் திரும்ப வரும், அவ்வளவுதான், இல்லாத கோர்கள் முளைக்காது. தயவுசெய்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வீடியோ பார்த்து வேறு லேப்டாப்பின் வி-பயாஸை, அதாவது கார்டுக்குள் இருக்கும் மென்பொருளை, ஏற்றி வாட்டைக் கூட்டப் போகாதீர்கள். அந்த போர்டும் ஹீட்சிங்க்கும் அந்த வரம்புக்காகச் செய்தவை. உயிர் போன போர்டோடு வருபவர்களிடம் மதர்போர்டு விலையைச் சொல்வது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது.

தர்மபுரிப் பெண்ணின் ஃபைலில் டெக்ஸ்சர்களை, அதாவது 3டி பொருள்கள் மேல் ஒட்டும் படங்களை, 4கே-யிலிருந்து 2கே-வுக்கு இறக்கினோம், ரெண்டர் நிற்காமல் முடிந்தது. நேரம் குறையவில்லை. அவள் ஹாஸ்டல் அறையை விட்டு லேப்டாப்பை வெளியே எடுப்பதே இல்லையாம். முன்பே கேட்டிருந்தால் அதே பணத்துக்கு டெஸ்க்டாப் 4070-ஐயே போட்டுக் கொடுத்திருப்பேன்.

லேப்டாப்பைத் தினமும் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு லேப்டாப்தான் சரி, அதில் சந்தேகமே இல்லை. என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். வாங்கிய முதல் இரண்டு நாளுக்குள் உங்கள் சொந்த ஃபைலைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், ரிட்டர்ன் தேதி முடியும் வரை பெட்டியைத் தூக்கிப்போடாதீர்கள். குழப்பமாக இருந்தால் முழு மாடல் எண்ணை எழுதிக்கொண்டு உங்கள் ஊர் சர்வீஸ் கடைக்காரர் யாரிடமாவது காட்டுங்கள். என் மேசைக்கு வந்தால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.