தொடாமலே தொற்றும் நோரோ வைரஸ்

2010 அக்டோபரில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலிருந்து பக்கத்து வாஷிங்டன் மாநிலத்துக்குக் கால்பந்துப் போட்டிக்குச் சென்ற சிறுமியர் அணியில் ஒருத்திக்கு விடுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. அவள் பயன்படுத்திய குளியலறையில் தின்பண்டப் பை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. ஆனாலும், பின்னர் அந்தப் பையிலிருந்த பிஸ்கட்டுகளைப் பகிர்ந்து உண்ட மற்றவர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தனர். இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் பையின் பக்கங்களில் நோரோ வைரஸின் தடயம் ஒட்டியிருந்தது.

வாந்தி எடுக்கும்போதும் கழிப்பறையில் நீர் பாய்ச்சும்போதும் கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் எழும்பிச் சுற்றியுள்ள பொருள்களில் படிகின்றன என்பதே இதற்கு விளக்கம். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் பல நூறு கோடி வைரஸ் துகள்கள் இருக்கக்கூடும். தொற்றுக்கோ 18 துகள்களே போதுமானவையாக இருக்கலாம் என்று ஒரு கணிப்பு உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் கொண்டால், ஒரே நாளில் ஒரு விடுதி முழுவதும் படுத்துவிடுவது வியப்பாகத் தோன்றாது.

கொரோனா வைரஸுக்கு இருப்பதுபோன்ற கொழுப்புறை இதற்கு இல்லை. வெறும் புரத ஓடுதான். கொழுப்புறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆல்கஹால் சானிடைசர் இங்கே அவ்வளவாக எடுபடாததற்கு அதுவே காரணம். சோப்பும் இதைக் கொல்வதில்லை. ஆனால் தேய்த்துக் கழுவும்போது துகள்கள் நீரோடு போய்விடுகின்றன. தரைக்கும் கைப்பிடிகளுக்கும் குளோரின் கலந்த பிளீச்சிங் கரைசல்தான் சரி. கழிவுநீர் கலந்த கடலில் வளரும் சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பதால் வைரஸ் அவற்றின் உடலில் சேர்கிறது. லேசாக ஆவியில் வேகவைத்தால் அது அழிவதில்லை.

பயணக் கப்பல்களே செய்திகளில் அதிகம் அடிபடுகின்றன. உண்மையில் முதியோர் இல்லங்கள், மருத்துவமனைகள், உணவகங்கள் ஆகியவையே இது பரவுவதற்கு வாகான இடங்கள். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் நோய் தொடங்கி, பெரும்பாலும் மூன்று நாள்களுக்குள் தணிந்தாலும், வைரஸ் மலத்தில் இரண்டு வாரத்துக்கு மேலும் வெளியேறுகிறது. உடல் தேறிவிட்டதென்று உடனே அடுப்படிக்குத் திரும்பும் சமையல்காரர், எந்தக் கப்பலையும்விடக் கவலைக்குரியவர் என்பேன். அறிகுறிகள் நின்றபின் குறைந்தது 48 மணி நேரமாவது அவர் சமையலிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

எல்லோரையும் இது ஒரே அளவில் தாக்குவதில்லை. குடல் செல்களின் மேலுள்ள சில சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டே பல நோரோ வகைகள் உள்ளே நுழைகின்றன. எஃப்யூடி2 என்னும் மரபணு செயல்படாதவர்களுக்கு அந்த மூலக்கூறுகள் குடலில் உருவாவதில்லை. ஆகவே, பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் வாந்தியெடுத்தாலும் இவர்கள் பல வகைகளுக்குத் தப்பிவிடலாம், எல்லா வகைகளுக்கும் அல்ல.